கனகாம்பரம் மேலே, மரிக்கொழுந்து கீழே

போர்ட்டிகோவுக்குள் வண்டி ஏற விடாத என் அப்பாவுக்கு,

சுதந்திர தினத்தன்று நான் அம்மாவிடம் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். “நீ பூ வெச்சுக்கோம்மா.” காலையில் காளவாசலில் பூ வாங்கும்போது வாய் வரை வந்தது. வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தபோது மறுபடி வந்தது. சாயங்காலம் வரை வந்துகொண்டே இருந்தது. சொல்லவில்லை.

நீங்கள் மாசியில் போனீர்கள். அதற்குப் பிறகு நம் வீட்டுக்குள் பூ வரவில்லை. யாரும் கூடாது என்று சொல்லவில்லை அப்பா. காரியம் முடிந்த மறுநாள் அம்மா பூத்தட்டைக் கழுவித் துடைத்துப் பரணில் கவிழ்த்து வைத்தாள். அவ்வளவுதான். போர்ட்டிகோவுக்கும் வருவதில்லை. தெருவில் போகிறவர்கள் பார்க்கக்கூடாது என்றா, உங்கள் ஒயர் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்க்க முடியாமலா? கேட்டால், “அங்கன வெயிலு” என்கிறாள். மேற்கே பார்த்த வீட்டில் காலையில் ஏது வெயில்?

அண்ணன் உங்கள் தொழிலை நன்றாகவே நடத்துகிறான். பந்தலுக்கு இப்போது புதுத் துணி எடுத்திருக்கிறான். சீரியல் செட் விளக்கெல்லாம் எல்.இ.டி.க்கு மாறிவிட்டது. போன முகூர்த்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு வாசலில் மயில் தோகை விரிகிற மாதிரி விளக்கு போட்டான். பார்த்தால் நீங்கள், “நல்லாருக்கு, கொஞ்சம் கொறச்சுக்க” என்றிருப்பீர்கள்.

ஊரில் பாதி வீட்டுக்கு வெளிச்சம் போட்டவர், சொந்த வீட்டில் மட்டும் ஏன் அவ்வளவு சிக்கனம் என்று நான் சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். ஆகஸ்ட் பதினைந்துக்கு நம் போர்ட்டிகோவில் ஒரு கதர்க் கொடி. இரண்டு தூணுக்கும் நடுவே கொடி நிறத்தில் மூன்று பூச்சரம்: கனகாம்பரம், மல்லிகை, மரிக்கொழுந்து. பந்தல் துணியில் மிச்சமான வெள்ளையில் உறை தைத்த இரண்டு மெத்தை. அதற்குமேல் ஒன்றும் கிடையாது. “வேலை பாக்குற எடத்துல கண்ணு அலையட்டும், வீட்டுல கண்ணு உக்காரணும்” என்பீர்கள். பிளாஸ்டிக் தோரணம் வாங்கி வந்த வருஷம் என்னைத் திட்டவில்லை. அதைச் சுருட்டி என் மேசைக்கு மேலே கட்டிவிட்டு, “இது உன் ரூமுக்கு” என்றீர்கள்.

இந்த வருஷம் அதைச் செய்வதா வேண்டாமா என்பதில்தான் பேச்சு வந்தது. முதல் நாள் சாயங்காலம் மேலூரிலிருந்து அத்தை வந்திருந்தாள். அம்மாவுக்குத் துணையாக மாதம் ஒருமுறை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறாள், உங்கள் தங்கை. அவளும் அண்ணனும் டீ குடித்துக்கொண்டே ஆரம்பித்தார்கள்.

“முன்பக்கம் ஃபுல்லா மூணு கலர்ல எல்.இ.டி. போட்டு, நடுவுல சக்கரம் சுத்துற மாதிரி வெச்சுருவோம் அத்த. அப்பாவுக்குச் செய்யிறது.”

“வருசம் திரும்பல மாப்ள. தீவாளி, பொங்கலே கெடையாதுங்கிற வீட்டுல லைட்டு என்னத்துக்கு?”

“இது பண்டிகை இல்லத்தே. அரசாங்க லீவு.”

“லீவுன்னா படுத்துத் தூங்கு.”

“சுதந்திரத்துக்கு ஏது அத்த தீட்டு?”

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. “கொடி ஏத்திக்க, கொடிக்கு நான் ஒண்ணும் சொல்லல. பூவு மட்டும் கட்டாத. உள்ள ஒருத்தி இப்படி இருக்கையில வாசல்ல பூத் தொங்குனா பாக்குறவுக என்ன சொல்லுவாக? நான் இருக்கலையா, இம்புட்டு வருசமா?”

அம்மா சமையலறையில் இருந்தாள். குழாயை மூடிவிட்டாள், கேட்பதற்காக.

எனக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இல்லை அப்பா. நூலகத்தில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு இந்த விஷயத்தில் மேற்கோளுக்கா பஞ்சம்? ஆனால் அத்தை புத்தகத்திலிருந்து பேசவில்லை. மாமா லாரியில் அடிபட்டுப் போனபோது அவளுக்கு இப்போதைய என் வயதுகூட இல்லை. பூவில்லாத தன் கொண்டையை வைத்துக்கொண்டு பேசுகிறவளிடம் நான் எதை எடுத்துக் காட்டுவது? “அப்பா செஞ்ச மாதிரியே செய்வோம். கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்” என்று மட்டும் சொன்னேன். ஒருவரும் சரி என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. அண்ணன் மட்டும், “சக்கரம்?” என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தான்.

காலையில் உதிரிப்பூ வாங்கி வந்து நானே கட்டினேன். நாரை நனைத்து, இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம். மல்லிகை கொஞ்சம் சொன்னபடி கேட்டது. கனகாம்பரத்துக்குக் காம்பே கிடையாது என்பதை இத்தனை வருஷம் கவனித்ததில்லை. பிடித்தால் வழுக்குகிறது, இறுக்கினால் அறுகிறது. அம்மா இரண்டு தடவை ஹாலைக் கடந்து போனாள். என் கையைப் பார்க்காமல் போவதற்கு அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

போர்ட்டிகோவைக் கழுவிவிட்டு, நாற்காலிகளைத் துடைத்து மெத்தை போட்டேன். ஆடிக்காற்று குரோட்டன்ஸ் தொட்டிகளையெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்த்துவைத்திருந்தது, நிமிர்த்தினேன். தூணுக்கு மூன்றாக நீங்கள் அடித்த ஆணிகள் அப்படியே இருக்கின்றன, கொஞ்சம் துருவோடு. அண்ணன் ஏணி போட்டு ஏறினான். நான் கீழேயிருந்து முதலில் கனகாம்பரத்தைக் கொடுத்தேன், அப்புறம் மல்லிகை, கடைசியில் மரிக்கொழுந்து. கட்டி முடித்து இறங்கி, தெருவுக்குப் போய் நின்று கையைத் தட்டிக்கொண்டான்.

ஜன்னலுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. “கொடி தலைகீழா இருக்கு.”

பார்த்தோம். மரிக்கொழுந்து மேலே, கனகாம்பரம் கீழே. பந்தல்காரர் பிள்ளை; பந்தலின் பக்கத் துணியைக் கீழ் விளிம்பிலிருந்து கட்டிக்கொண்டு மேலே போய்ப் பழகிய கை. முதலில் கொடுத்ததைக் கீழ் ஆணியில் கட்டிவிட்டது. கொடுத்த எனக்கும் உறைக்கவில்லை.

“ஏ, சீக்கிரம் அவுருடா, யாராச்சும் பாத்துறப் போறாக” என்று அத்தை வாசற்படிக்கே வந்துவிட்டாள். பூ வேண்டாம் என்று சொன்னவள்தான்.

அவசரத்தில் அண்ணன் மறுபடி ஏறி இழுத்தான். ஒரு முனை கையோடு வந்தது. நான் கட்டிய லட்சணத்துக்கு, கனகாம்பரம் முழுவதும் நாரிலிருந்து உருவிக்கொண்டு கொட்டியது. ஈரத் தரையெல்லாம் ஆரஞ்சு. அண்ணன் ஏணியிலேயே நின்றான். நான் நாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா வெளியே வந்தாள்.

ஒருவரையும் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். “இது என்னடி கட்டு? கோழி கெளறுன மாதிரி. நாரைக் குடு.” பூவைக் கூட்டி அள்ளினாள்.

“மதினி,” என்றாள் அத்தை மெதுவாக. “பூவையா தொடுறீக?”

“தொட்டா என்ன, கரிஞ்சா போயிரும்?”

அம்மாவின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அத்தை கொஞ்ச நேரம் படியிலேயே நின்றாள். அப்புறம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அண்ணன் அவிழ்த்துப் போட்ட மரிக்கொழுந்துச் சரத்தை எடுத்துப் பார்த்து, “இதைய இம்புட்டு நீளமாவா விடுவாக? ஆட்டுக்குப் போடுற கொழை மாதிரி இருக்கு. படிச்ச புள்ளைக்கு இது தெரியல” என்று நுனியைக் கிள்ள ஆரம்பித்தாள். அண்ணன் ஏணியிலிருந்து, “நானும் வேணா இறங்கி வந்து கட்டவா?” என்றான். இருவரும் ஒரே நேரத்தில், “நீ சும்மா இரு” என்றார்கள்.

மறுபடி கட்டினோம். கனகாம்பரம் மேலே, மல்லிகை நடுவில், மரிக்கொழுந்து கீழே. அண்ணன் கதர்க் கொடியை ஏற்றினான். அம்மா புடவையைத் தட்டிவிட்டு உள்ளே போகத் திரும்பினாள். அந்த நேரம் பார்த்துப் பசுமலைப் பள்ளிக்கூட ஸ்பீக்கரில் தேசிய கீதம் ஆரம்பித்தது. நம் வீட்டில் அது கேட்டால் அசையக்கூடாது என்று வைத்தவர் நீங்கள். அம்மா நிலைப்படிக்கு ஓரடி முன்னால் அப்படியே நின்றாள். எல்லோரும் நின்றோம். முடிந்ததும் உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். “காத்து நல்லாத்தான் வருது” என்று தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உங்கள் நாற்காலியில் அத்தை.

தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். எதிர்வீட்டு மெக்கானிக் வண்டியை நிறுத்தி, “என்னக்கா, இந்த வருசம் லேட்டு?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதாவது சொல்வாரோ என்று. அவர் போய்விட்டார்.

மிச்சப் பூவையெல்லாம் சேர்த்து அம்மா ஒரு முழம் கதம்பம் கட்டினாள். நடுவில் அறுத்து ஒரு பாதியை அத்தை மடியில் போட்டாள்.

“எனக்கெதுக்கு மதினி?”

“மோந்து பாக்க.”

இன்னொரு பாதியை ஜன்னல் திண்டில் வைத்தாள். சொல்லாத வாக்கியம் அப்போதுதான் கடைசியாக வந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும் அப்பா, நான் என்ன சொல்ல இருக்கிறேன் என்று. சொல்லாதே என்றதா அந்தப் பார்வை, சொல்லேன் என்றதா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அத்தையிடம் யாரோ பூ வேண்டாம் என்றார்கள், அவள் கேட்டு நடந்தாள். நான் வேண்டும் என்று சொன்னால் அதையும் அம்மா கேட்கத்தான் வேண்டியிருக்கும். அவள் தலை அவளுடையதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் செய்தது சரிதானா?

சாயங்காலம் அண்ணன் கொடியை இறக்கி, நீங்கள் மடிப்பது போலவே மடித்து வைத்தான். நான் அத்தையை ஸ்கூட்டரில் மாட்டுத்தாவணிக்குக் கூட்டிப்போனேன். மேலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். மஞ்சள் பைக்குள் கையை விட்டு அந்தக் கதம்பத்தை எடுத்தாள். முன் சீட்டுக்குப் பின்னால் குனிந்துகொண்டு ஏதோ செய்தாள். நிமிர்ந்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள்.

“மருமகளே, கொண்டை ஊசி இருக்கா?”

என் தலையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். டிரைவர் ஏறிவிட்டார். “வாரேன்” என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.  “அவளுக்குக் கனகாம்பரம் எடுப்பா இருக்கும், சின்னதுலயே” என்றாள்.

அப்பா, உங்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். இனி நம் வீட்டுக்குப் பூ வரும், நான் வாங்கி வருவேன். மேசைமேல் வைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். யாரிடமும் எதுவும் கேட்க மாட்டேன். அடுத்த வருஷமும் அதே ஆணிகளில் மூன்று சரம்தான். அண்ணனின் சக்கரம் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பிறகு நடந்தது இவ்வளவுதான். அத்தை தலையில் பூவோடு மேலூரில் இறங்கி, கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்து போனாளாம். அம்மா அன்று பூ வைத்துக்கொள்ளவில்லை.

உங்கள் சின்ன மகள்