மூன்று மாத சர்க்கரை

வியாழக்கிழமை. பௌர்ணமி கழிந்து ஒரு வாரம்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டரம்மா இன்று சொல்லிவிட்டார். மூன்று முறை கரு கலைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாமாம்.

நான் நம்பவில்லை. "போன தடவையெல்லாம் நார்மல்னுதானே வந்துச்சு?" என்று கேட்டேன். எப்போது ரத்தம் கொடுத்தேன் என்று விசாரித்தார். எப்போதும் பௌர்ணமிக்கு மறுநாள் காலையில்தான். கிரிவலம் போய்வந்த கால்வலிக்கு எப்படியும் ஆபீசுக்கு லீவு போடுவேன். அதோடு டெஸ்ட்டையும் முடித்துவிடுவேன்.

"பகலெல்லாம் விரதம், ராத்திரியெல்லாம் மலைய சுத்தி நடை. அப்புறம் வெறும் வயித்துல பாத்தா சர்க்கரை கம்மியாத்தாம்மா காட்டும். அதான் இந்த வாட்டி மூணு மாச சர்க்கரை பாத்தேன். அது ஒரு நாள் பட்டினிக்கு ஏமாறாது" என்றார். முதலில் அதைக் குறைக்க வேண்டுமாம். பிறகுதான் குழந்தை.

குழந்தை வேண்டித்தான் அந்த விரதமே. எரிச்சலாக வந்தது.

வீட்டுக்கு வந்தால் மாமியார் சர்க்கரைப் பொங்கலை நீட்டுகிறார். "கோயில் பிரசாதம்மா, அது ஒண்ணும் பண்ணாது."

"வேணாம் அத்த" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் கிண்ணத்தை வாங்கிச் சாப்பிட்டார்.

ஒன்றுதான் மனதைவிட்டுப் போகவில்லை. கடந்த மூன்று மாதமும் ரத்தத்தில் அப்படியே பதிந்திருக்குமாம். என் பிள்ளைகளில் ஒன்றுகூட மூன்று மாதம் தங்கவில்லை.