எலிகள் என்னிடம் மறைத்த வலி

அன்பு ஃபர்ஹத்துக்கு சலாம். நீயும் அனஸும் சுகம்தானே? ஹைதராபாத்தில் நானும் சுகம்.

லேபில் ஒரு தவறு நடந்தது, பயப்படாதே. அறுவை செய்து வலி குறைக்கும் மருந்து போட்ட எலிகளின் முகத்தைப் பார்த்து, கண்ணை இடுக்குகின்றனவா என்று வலிக்கு மார்க் போடுவது என் வேலை. எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டேன். மறுநாள் சென்னைக்கார ரேணுகா மேடம் பார்த்தபோது அவை வலியில் சுருண்டு கிடந்தன.

“ஆம்பளை வாசனைக்கு மிரண்டா வலியைக் காட்டாதுங்க” என்றார். என் பூஜ்யத்தை நம்பி ஒரு நாள் முழுக்க யாரும் அவற்றுக்குக் கூடுதல் மருந்து கொடுக்கவில்லை.

பெருநாள் லீவில் நீ படகுத்துறையில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு வீங்கியிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். “இன்னா பெரிய வலி, ஒண்ணுமில்ல, நீங்க ரயிலைப் புடிங்க” என்றாய். உன் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை, புறப்பட்டுவிட்டேன். அதற்கு முந்தைய லீவில் நீ காய்ச்சலில் படுத்தபோது, லீவே வீணாகிவிட்டது என்று கத்தினேனே, அதனால்தான் மறைத்தாயா? மன்னித்துவிடு.

காய்ந்த நெத்திலி அனுப்ப வேண்டாம். அனஸ் பேசுவதை மட்டும் ரெகார்டு பண்ணி அனுப்பு. ஹஃபீஸா அக்காவோடு பொன்னேரி போய் எக்ஸ்ரே எடு. என்னிடம் சொல்லப் பயமாக இருந்தால் அக்காவிடமாவது உள்ளபடி சொல்.

கம்பெனி வேன் வந்துவிட்டது.

உன்
அஸாருதீன்