முழங்காலுக்கு ஏற்ற மோட்டார் சைக்கிள்

அன்புள்ள சிட்டு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் வண்டியும் சுகம். போன மாதம் வரை இந்த மூவரில் வண்டி ஒன்றுதான் சுகமாக இருந்தது, அதனால் மூவரையும் ஒரே வரியில் சேர்த்து எழுத முடிவதே எனக்குப் பெரிய சந்தோஷம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்துவாள். கடிதம் என்றால் ஒட்டும்வரை என் கையில், ஒட்டிய பிறகு யார் கையிலும் இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், நிதானமாகப் படி.

என் வலது முழங்கால் கொஞ்ச நாளாகத் தகராறு செய்துகொண்டிருந்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, நான் உன்னிடம் மறைத்தது, அந்த சிக்னல் விவகாரம். அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு போய் சிக்னலில் நின்றேன், காலை ஊன்றினேன், ஊன்றிய கால் அப்படியே மடங்கிவிட்டது. நம் வண்டிதான் எத்தனை கனம் என்று உனக்குத் தெரியுமே, தூர தேசம் போவதற்கென்றே செய்த வண்டி, சாய ஆரம்பித்தால் யானை படுக்கிற மாதிரி மெதுவாக, யாராலும் நிறுத்த முடியாதபடி சாயும். பக்கத்தில் நின்ற கார் மேல் நாங்கள் இருவரும் வண்டியோடு சாய்ந்து நின்றோம். காரில் இருந்தவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, "உள்ள ஏறிக்கிறீங்களா?" என்று கேட்டார். அம்மா ஹெல்மெட்டுக்குள் சிரிப்பது என் முதுகில் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், உங்க முழங்கால் உங்களைவிட பத்து வயசு பெரியது" என்றார். உடனே அம்மா, "அப்படின்னா இனிமே அதை வாங்க போங்கன்னுதான் கூப்பிடணும்" என்றாள். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் என்னைக் கேட்பதில்லை, முழங்காலைப் பார்த்து, "அவர் இன்னைக்கு எப்படி இருக்கார்?" என்றுதான் கேட்கிறாள். டாக்டர் முடிவாகச் சொன்னது, வண்டியை விற்றுவிடுங்கள் என்று. சிட்டு, இதைப் படித்துச் சிரிக்காதே, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அலுவலகத்தை விட்டு வந்த பிறகு எனக்கென்று மிச்சம் இருந்தது இந்த வண்டியும், வருஷத்துக்கு ஒரு முறை மலை ஏறி உன் பெரியம்மா வீட்டுக்குப் போகிற இருநூற்றுப் பத்து கிலோமீட்டரும்தான். அந்தப் பெரியம்மா விஷயம் கேள்விப்பட்டுப் போன் செய்து, "இந்த வருஷமாவது மனுஷங்க மாதிரி பஸ்ல வாங்க, ஸ்டாண்டுக்கு நான் வீல்சேர் அனுப்பறேன்" என்றாள். அவ்வளவுதான். விற்பதில்லை, உடம்புக்கு ஏற்றபடி வண்டியை மாற்றுவது என்று அந்தப் போனை வைப்பதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

முதலில் நானே இறங்கினேன், அதுதான் தப்பு. உட்காருவதற்கு மெத்தென்று இருந்தால் போதும் என்று நினைத்து சோபாவில் இருந்த பஞ்சுத் திண்டுகளில் இரண்டை எடுத்து இருக்கை மேல் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினேன். மெத்தென்றுதான் இருந்தது, ஆனால் கால் தரைக்கு எட்டவில்லை. சமையலறை முக்காலியைப் போட்டு ஏறினேன். ஏறிய பிறகுதான் இறங்குவதைப் பற்றி யோசித்தேன். "போற இடமெல்லாம் முக்காலியைத் தூக்கிக்கிட்டு நான் பின்னாலயே ஓடி வரணுமா?" என்று அம்மா வாசலில் நின்று கேட்டாள். கூடவே, சோபா ஏன் பள்ளமாக இருக்கிறது என்றும் கேட்டாள். அடுத்து, மணிக்கட்டில் பாரம் விழக்கூடாது என்பதற்காக ஹேண்டில்பாரை உயர்த்தினேன். ஒரு உற்சாகத்தில் கொஞ்சம் அதிகமாகவே உயர்த்திவிட்டேன், துணிக்கொடியைப் பிடித்துத் தொங்குகிறவன் மாதிரி போய்க்கொண்டிருந்தேன். ஒயர்களெல்லாம் விறைத்து எங்கேயோ இழுத்துப் பிடித்ததில், வண்டியை இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்க ஆரம்பித்தது. வலது பக்கம் திரும்பினால் அமைதி. ஒரு வாரம் நான் வலது பக்கமாகவே சுற்றிச் சுற்றிக் கடைக்குப் போய் வந்தேன்.

கடைசியில் மெக்கானிக்கிடமே போனேன், நீ சின்ன வயதில் ஸ்பேனர் மாமா என்று கூப்பிடுவாயே, அவர்தான். ஹாரனைக் கேட்டுவிட்டு ஐந்து நிமிஷம் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அப்புறம் அருமையாகச் சொன்னார். "சார், மெத்து மெத்துன்னு இருந்தா உடம்பு புதைஞ்சு வலி கூடத்தான் செய்யும். சீட்டு அகலமா, கெட்டியா, தரைக்குக் கால் முழுசா எட்டற மாதிரி வேணும். கால் வைக்கிற இடத்தைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி இறக்கினா முழங்கால் அவ்வளவு மடங்காது. கைப்பிடி தடிமனா, அதிராத ரப்பர்ல போடலாம். கிளட்ச்சை ரெண்டு விரல்ல பிடிக்கற மாதிரி லேசாக்கித் தரேன். ஆனா எல்லாம் உங்க அளவுக்கு இருக்கணும், அளவு எடுத்துட்டு வாங்க." அளவு! முப்பத்தொரு வருஷம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவனிடம் அளவு கேட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வண்டியை வீட்டு நடையில் சுவரோரம் நிறுத்தி, நான் ஏறி உட்கார, அம்மா தையல் டேப்பால் என்னை அளந்தாள். இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து குதிகால், தோளிலிருந்து மணிக்கட்டு என்று ஒன்று விடவில்லை. பின் இருக்கைக்கு முதுகுச் சாய்மானம் வேண்டுமென்பதால் அவளை உட்காரவைத்து நான் அளந்தேன். அவளுக்கும் இடுப்பிலும் கட்டைவிரலிலும் வலி இருக்கிறது, சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். கோடு போட்ட தாளில் இரண்டு பத்தியாக எழுதினேன், மில்லிமீட்டர் பிசகில்லை. ஒரு பத்திக்கு மேலே அப்பா என்பதற்கு 'அ' என்று போட்டேன். இன்னொன்றுக்கு மேலே அம்மா என்பதற்கு 'அ' என்று போட்டேன். சிட்டு, தயவுசெய்து இந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்துக்கொள், மாப்பிள்ளையிடம் இந்தப் பகுதியை வாசித்துக் காட்ட வேண்டாம். கார் சீட்டும் சோபாவும் தைக்கிற மெத்தைக்காரர், ஸ்பேனர் மாமாவின் கடைக்குப் பக்கத்துக் கடை, அவர்தான் போன் செய்து, "சார், முன்னாடி உட்கார்றது 'அ' தானே?" என்று ஒழுங்காகவே கேட்டார். "ஆமாமா, 'அ' தான்" என்று நானும் ஒழுங்காகவே பதில் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து வண்டி வீட்டுக்கு வந்தது. பார்க்க அழகு, கறுப்புத் தோல், சிவப்பு நூல் தையல், முன்னால் காற்றுத் தடுக்கும் உயரமான கண்ணாடி. ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் பெட்ரோல் டேங்குக்கு மேலே வந்து நின்றன, ஹேண்டில்பார் நெஞ்சை இடித்தது, துணி அலமாரிக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஸ்பேனர் மாமா தலையைச் சொறிந்தார். மெத்தைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா, "நகருங்க, நான் பாக்கறேன்" என்று ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்தன. முதுகு நேராக இருந்தது, முழங்கை லேசாக வளைந்திருந்தது, இரண்டு விரலால் கிளட்ச்சைப் பிடித்து விட்டுப் பார்த்தாள். அப்புறம் கையை நீட்டி, "சாவி" என்றாள்.

நான் சிரித்தேன். இது உன் ஸ்கூட்டர் இல்லை, கியர் வண்டி, அதற்குத் தனி உரிமம் வேண்டும் என்றேன். உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். கியர் வண்டி உரிமம், சிட்டு! பத்தொன்பது வயதில், என்னைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, உன் தாத்தாவின் வண்டியில் ஓட்டிக் காட்டி வாங்கியது. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் நான்தான் அவளைப் பின்னால் உட்காரவைத்து அந்த அலுவலகத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறேன், ஒரு முறைகூட அந்த அட்டையை வாங்கிப் பார்த்ததில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலை" என்றாள். நான் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் ஸ்பேனர் மாமா வழியாகத்தான் அவளோடு பேசினேன். மூன்றாவது நாள், கோபம் முழுதாகப் போகாமலே, சாவியை எடுத்து நீட்டினேன்.

மூடிக் கிடக்கும் பழைய கிடங்கின் முற்றத்தில் தினம் காலையில் பழகினாள். நான் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசனை சொன்னேன். முதல் நாள் ஒன்பது முறை வண்டி அணைந்தது. "நீங்க வாயைத் திறக்கும்போதெல்லாம்தான் அணையுது" என்றாள், அடுத்த நாள் சோதித்துப் பார்த்ததில் அதில் உண்மை இருந்தது. நாலாவது நாள் திரும்பும் இடத்தில் மணலில் சறுக்கி வண்டி சாய்ந்தது, அவள் தாவி விலகி நின்றுவிட்டாள், ஒரு கீறல் இல்லை. நான் அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஓடி வந்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்து, "ஐயோ, அவர் ஓடறாரே!" என்றாள். மிச்சமிருந்த கோபமும் அங்கே முடிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். முன்பக்கம் அவள் அளவு என்றால் பின்பக்கம் யார் அளவு என்று நீயே யூகித்திருப்பாய். கால் நீட்ட இடம், என் முதுகுக்குச் சரியாகச் சாய்மானம், முழங்கால் மடங்கவே இல்லை, அரசர் மாதிரி இருந்தேன். ஆனால் முதல் இருபது கிலோமீட்டர் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. முக்கால் மணிக்கு ஒரு முறை நிறுத்தி, இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தோம், டாக்டர் சொன்னதில் இதை ஒன்றையாவது கேட்டோம். மலையில் ஏழாவது வளைவில், மேலேயிருந்து ஒரு லாரி முழுப் பாதையையும் அடைத்துக்கொண்டு வந்தது. ஓரமெல்லாம் சரளைக்கல், அந்தப் பக்கம் பள்ளம். நான் கண்ணை மூடிக்கொண்டேன், உன்னை நினைத்துக்கொண்டேன், பொய் சொல்லவில்லை. வண்டி நின்றது. கண்ணைத் திறந்தால், சரிவில் அத்தனை கனத்தையும் என்னையும் சேர்த்து இரண்டு பாதத்தையும் அழுத்தி ஊன்றி அவள் நிற்கிறாள், அசையவில்லை. லாரி கடந்து போனது. அந்த இடத்தில் நான் முன்னால் இருந்து, என் கால் மடங்கியிருந்தால் சாய்வதற்குக் கார் எதுவும் கிடையாது. அவள் திரும்பி, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

பெரியம்மா வாசல் கேட்டில் நின்றிருந்தாள். முன்னால் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்து, "வாங்க மாப்பிள்ளை, பரவாயில்லையே" என்றாள். ஹெல்மெட் கழன்றதும் வாயடைத்துப் போனாள். பிறந்ததிலிருந்து முதல் முறை என்று நினைக்கிறேன். அது ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம், "எனக்கு ஒரு ரவுண்டு" என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அக்காவும் தங்கையும் போனவர்கள் ஒன்றரை மணி நேரம் வரவில்லை. நான் பைகளுக்குக் காவலாக, பூட்டிய வீட்டு வாசலில், மடியில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்ததும் மெத்தைக்காரர் வீடு தேடி வந்து வருத்தப்பட்டார், ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் பிரித்து என் அளவுக்கே தைத்துத் தந்துவிடுவதாகச் சொன்னார். அம்மா வண்டியின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறாய் என்றேன். "உங்க வண்டி, உங்க இஷ்டம்" என்றாள், அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்பக்கத்தில் ஊசிகூடப் படக்கூடாது, பின்பக்கம் கை வைத்துக்கொள்ள இரண்டு பக்கமும் ஒரு திண்டு மட்டும் வைத்துக் கொடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. துடைத்த இடத்தையே இன்னும் மூன்று முறை துடைத்தாள்.

நீயும் நாள் முழுக்க மேஜைக்கு முன்னால் கொக்கி மாதிரி வளைந்து உட்கார்ந்திருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். நாற்காலியை உன் அளவுக்கு இறக்கு, பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், மணிக்கு ஒரு முறை எழுந்து நட. மறக்காமல் செய்ய வேண்டிய காரியம் ஒன்று, அம்மாவுக்கு வண்டி ஓட்டும் கையுறை ஒரு ஜோடி வாங்கி அனுப்பு, கட்டைவிரல் பக்கம் தடித்த திண்டு வைத்ததாகப் பார். எனக்கு வேண்டாம், நான் கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒவ்வொரு மூட்டும் சொன்ன பேச்சைக் கேட்டு, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். தபால் நிலையத்துக்குக் கிளம்ப அம்மா கீழே வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டாள். கூப்பிடுகிறாள், இரண்டாவது முறை கூப்பிட்டால் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவாள், போன செவ்வாய்க்கிழமை அப்படித்தான் போனாள்.

அவசரத்தில், ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா