அடுத்த தடவை கம்ப்யூட்டர் நின்றால்

அம்மிணி,

சேர்வராயன் சாமி சாட்சியாகச் சொல்கிறேன்: இனி நான் எழுதப்போவதில் ஒரு வரியைக்கூட ஏற்காட்டில் ஒருவரும் நம்பமாட்டார்கள். என்னைக் கட்டிக்கொண்டு நீ பட்டது போதாதென்று, போன பிறகும் மடல் எழுதித் தொந்தரவு செய்கிறேன். இன்று காலை நம் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் மறுபடியும் நின்றுபோனது. பெட்டிக்குள்ளிருந்து சூடான தூசி வாசனை வந்தது. நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக என் மூக்கு நம்பிவிட்டது.

அந்தக் காலத்தில் அது நின்ற நிலை இருக்கிறதே! ஒரே ஒரு தாளை அச்செடுக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், எதிர் எஸ்டேட்டில் காப்பி பூத்து, காய்த்து, பழுத்து, வறுபட்டு, டம்ளரில் என் கைக்கே வந்து சேரும். மாரமங்கலத்திலிருந்து கருத்த மீசையோடு வந்தவர் நரைத்த மீசையோடு பஸ் ஏறியதை என் கண்ணால் பார்த்தேன். நான் கோபத்தில் பிளக்கைப் பிடுங்கப் போவேன். நீ கையைத் தட்டிவிடுவாய்.

"ஏனுங்க, ஒயரப் புடுங்காதீங்க. செவப்பு வெளக்கு மினுக்குதல்லங்க? உசுரோடதான் இருக்குது."

"உசுரு இருந்தா ஒரு வார்த்த பேசோணுமில்ல?"

"மெமரிங்கறது இந்த மேசையாட்டங்க. போட்டோ, பில்லு, டிக்கெட்டுன்னு எல்லாத்தையும் ஒண்ணாத் தொறந்து வெச்சா எடம் பத்தாது. இப்பத்திக்கு வேண்டாததத் தூக்கிப் பரண் மேல போட்டுரும். அதானுங்க டிஸ்க்கு. நீங்க அதையே கேப்பீங்க. அத எடுக்கறதுக்கு இன்னொண்ணத் தூக்கீட்டு ஏறும். ஏறி எறங்கறதுலயே பொழுது போயிருது. கொஞ்சம் சும்மா இருங்க."

சும்மா இருக்க எனக்குத் தெரியாதே. அதனால் நீயே ஒரு உத்தியோகம் போட்டுக் கொடுத்தாய்: கம்ப்யூட்டர் நின்றால், வந்தவர்கள் எழுந்து போகாமல் கதை சொல்லிப் பிடித்துவைப்பது. கரடியூர்க் கரடி பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்ததும், 'காலர் தெரியோணுங்க, சட்டை போட்டுட்டு வாங்க' என்று நீ அதைத் திருப்பி அனுப்பியதும் அப்படிப் பிறந்தவைதான். திரையைப் பார்த்தபடியே நீ சிரிப்பை அடக்குவாய். மெமரிப் பற்றாக்குறையால் உருவான ஒரே மகாகவி உலகத்திலேயே நான்தான்.

ஒரு மத்தியானம் பனிமூட்டம் கடை வாசல்வரை வந்து நின்றது. ஆள் நடமாட்டம் இல்லை. கம்ப்யூட்டரும் நின்றது. நீ நாற்காலியை என் பக்கம் திருப்பினாய்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். நொம்ப நாளா நெனச்சுட்டே இருக்கறேன். சிரிக்கப்படாது."

"சொல்லு அம்மிணி. ராசா சபையில உக்காந்தாச்சு."

நீ வாயைத் திறந்தாய். பாழாய்ப்போன திரைக்கு அப்போதுதானா உயிர் வரவேண்டும்? பிரிண்டர் தாளைத் துப்பியது. பஸ் டிக்கெட் போட ஒரு குடும்பம் உள்ளே நுழைந்தது.

"செரி உடுங்க. அடுத்த தடவ நின்னாச் சொல்றேன்."

அடுத்த தடவை வரவேயில்லை. உன் கஷ்டம் தீரட்டும் என்று உனக்குத் தெரியாமல் சேலத்தில் சொல்லிவைத்திருந்த பெரிய மெமரி மறுநாளே வந்துவிட்டது. மேசை மைதானமாகிவிட்டது. பரண் ஏறுகிற வேலையே இல்லை. நீ மவுஸைத் தொடுமுன் திரை ஓடியது. "நீங்க செஞ்சதுலயே உருப்படியான காரியம் இதுதானுங்க" என்றாய். ஒருவர் போக ஒருவர் வந்துகொண்டேயிருந்தார்கள். என் கரடிக்கு வேலை போயிற்று.

"அன்னிக்கு என்னமோ சொல்ல வந்தியே?" என்று கேட்டால், "நின்னாத்தான் சொல்லுவேன்" என்று சிரிப்பாய். அது நமக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. ஐப்பசி மழையில் நீ படுத்துவிட்டபோது ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கலாம். கேட்டால், இனி அடுத்த தடவை இல்லையென்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே. கட்டிலோரம் உட்கார்ந்து கரடிக் கதையையே சொல்லிக்கொண்டிருந்தேன். நீயும் சிரித்தாய்.

இன்று மெமரி கெட்டுப்போகவில்லை, அம்மிணி. நான்தான் அதைக் கழற்றிவிட்டுப் பழசை மாட்டினேன். போட்டோ, பில், டிக்கெட் என்று கைக்கு வந்ததையெல்லாம் ஒன்றாகத் திறந்துவைத்தேன். நின்றது. ரூம் ரசீது எடுக்க வந்த பெண், "அங்கிள், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்களேன்" என்றாள்.

"வேண்டாங் கண்ணு. அது உசுரோடதான் இருக்குது."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டாள். நான் இதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ சொல்ல வந்தது என்னவென்று ஊரில் பலவிதமாக அளந்துவிட்டேன். டீக்கடையில், மலைக்குள் இருக்கும் புதையலுக்கு வழி என்றேன். பஸ் ஸ்டாண்டில், என் அழகைப் பற்றி என்றேன். எல்லாம் புளுகு. எனக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. சிரிக்கவேண்டாம் என்று சொல்வதற்காக நீ நாற்காலியை என் பக்கம் திருப்பினாயே, அது மட்டும் நிஜம்.