சொல்லிட்டு விடுங்க

மஸ்கட்டில் நான் தங்கியிருக்கும் அறையில் இன்று காலை எண்ணெய் கேன் காலியானது. குப்பையில் போடப் போனவன், மூடியைத் திருகி இறுக்கி, காற்று கசிகிறதா என்று அமுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூடத் தங்கியிருப்பவர் ஒரு மாதிரிப் பார்த்தார். உன் முதுகில் கட்டுவதற்காகத்தான் பார்த்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இங்கே பள்ளிக்கூடத்தில் நீச்சல் பயிற்சியாளர் வேலைக்கு மனுப் போட்டபோது, தண்ணீருக்குப் பயப்படும் பெரியவர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். மதுரையில் நான் வேலை பார்த்த நீச்சல்குளத்தில் எடுத்தால், கிளம்பப் போகிறேன் என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும். என்ன செய்வது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

"எங்கப்பா கெணறு இருக்கு, நானும் இருக்கேன்ல. என்னைவிடப் பயந்தவ உங்களுக்கு எங்க கெடைப்பா?" என்றாய். உசிலம்பட்டியில் கிணற்றுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள், அதுவரை படியில் இறங்கிக் கால் நனைத்ததில்லை.

அந்த வருடம் நல்ல மழை. கிணற்றில் பாதிக்கு மேல் தண்ணீர் கிடந்தது. சுடிதாரோடு இறங்கிய உன் முதுகில் மூடி இறுக்கிய எண்ணெய் கேனைக் கட்டினேன். மேலே உன் தங்கை கைபேசியோடு நின்றாள். உன் அம்மா மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்துகொண்டு, "மாப்ள, எம்பொண்ணப் பாத்து" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நம் பக்கத்துக் கிணறுகளில் எல்லாருக்கும் ஒரே வழிதான். வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து, "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கையை எடுத்துவிடுவார்கள். எனக்கு நீச்சல் வந்ததும் அப்படித்தான், உனக்கும் அதையே செய்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாய். நான் எங்கேயோ தள்ளி மிதந்துகொண்டிருந்தேன். பதறிப்போய்த் தண்ணீர் குடித்து, படியைப் பிடித்து, இருமி முடித்துவிட்டு நிதானமாக என்னைத் திட்டினாய்.

"விடுறதுன்னா சொல்லிட்டு விடுங்க. எம்புட்டுப் பயமா இருந்தாலும் நான் பாத்துக்குறேன். பொய் மட்டும் சொல்லாதீங்க."

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் பஸ் பிடித்துப் போனோம். ஒருநாள் கேனையும் அவிழ்க்கச் சொன்னாய். "விடப்போறேன்" என்றேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ம், விடுங்க" என்றாய். வாத்து மாதிரித் தலையைத் தூக்கிக்கொண்டு எதிர்ச் சுவர்வரை போய்ச் சேர்ந்தாய். உன் அம்மா அழுதுவிட்டார். அந்த வீடியோவைத்தான் அனுப்பினோம். சொல்லிவிட்டுக் கையை எடுத்தது பிடித்திருந்தது என்று நேர்காணலில் சொன்னார்கள். இந்த வேலை உன்னால் கிடைத்தது.

நான் முதலில் வருவது, குடும்ப விசா கிடைத்ததும் நீ வருவது என்று ஏற்பாடு. பெட்டிகூட வாங்கிவிட்டாய். திருப்பரங்குன்றத்தில் என்ன வேண்டிக்கொண்டாய், பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை போனில் சொன்னவள், காய்ச்சலைச் சொல்லவில்லை. குரல் கம்மியிருக்கிறதே என்று கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்கேன், சளிதான். நீங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைகளப் பாருங்க" என்றாய். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் என்னிடம் சொல்லக் கூடாதென்று தங்கையிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய். புது வேலையில் லீவு கேட்டால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாயாம். நான் வந்து இறங்கியபோது, பழங்காநத்தத்தில் நம் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. இறந்தவள்மேல் கோபப்படலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். கிணற்றுக்குள் அப்படித் திட்டியவள், கடைசியில் நீயும் "நல்லாத்தான் இருக்கேன், நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கையை எடுத்துவிட்டாய்.

இன்று வகுப்பில் புதிதாக ஒரு சிறுமி, தூத்துக்குடிக்காரர் மகள். "சார், பிடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கையை அடித்து வந்தாள். பிடித்துத்தான் இருந்தேன். நன்றாகவே மிதந்தாள்.

"இப்ப விடப்போறேன்மா" என்றேன்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ம், விடுங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன். கையை எடுக்கத்தான் வெகுநேரம் என்னால் முடியவில்லை.