பாதி விலையில் கிடைத்த கட்டில்

அன்புள்ள மகனுக்கு,

நீ சொன்னபடி அப்பாவைச் சேர்க்கிறது பற்றிக் கதைக்கத் தெஹிவளை முதியோர் இல்லத்துக்குப் போனேன். மாதம் ஒன்றரை லட்சம் கேட்டார்கள். வெள்ளவத்தை மீன் கடையில் பேசுவதுபோல விடாமல் விலை பேசினேன். கடைசியில் இல்லத்துக்குப் பொறுப்பான மேற்றன் களைத்துப்போய், "அம்மா, நீங்களும் வந்து தங்கி ஐயாவைக் குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்தினா, பாதிக் காசு காணும்" என்றாள்.

"ஓம் பிள்ளை" என்றுவிட்டேன். வென்ற சந்தோஷம் வாசல் கேற்றடி வரைக்கும்தான். உள்ளே தங்குகிறவர்கள் வெளியே போவதற்குப் பிள்ளைகளின் கையெழுத்து வேண்டுமாம்.

என் அம்மாவின் செத்தவீட்டுக்கு என்னை விடாத மனுசன் உன் அப்பா. நாற்பத்தாறு வருடமாகியும் நான் மறக்கவில்லை. வீட்டில் வேறு அறையில் படுத்தேன்; இனி அவரோடு ஒரே அறை.

வெள்ளிக்கிழமைகளில் என்னைக் கோயிலுக்குப் போக விடும்படி எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பு. மற்ற நாட்களை நான் மேற்றனிடம் பேசி வாங்குகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா