‘வா’ என்றால் குளியல்

ஜனவரி 3, சனி

மாட்டுங்காவில் குளிர். பம்பாய்க்காரர்கள் குளிர் என்று சொல்லிக்கொள்ளும் குளிர்தான், அதற்கே அப்பு நடுங்குகிறது. விப்பெட் ஜாதி நாய். கொழுப்பே கிடையாது, விலா எலும்பை எண்ணிவிடலாம். முழுப் பெயர் அப்பளம். வைத்தது கி.

கி. என்றால் கிரி. இரண்டு வருடம் முன்புவரை கணவன். இந்த நோட்டில் முழுப் பெயர் எழுதுவதாக இல்லை. ஓர் எழுத்து மை மிச்சம்.

காய்கறிக்காரியின் வழக்கமான விசாரிப்பு: "கானா நஹி தேதே க்யா இஸ்கோ?" சோறு போடுகிறோம் தாயே, உன் தராசைவிட ஒழுங்காகவே போடுகிறோம்.

வார நாள் என்னிடம், ஞாயிறு செம்பூரில் அவனிடம். இதுதான் ஏற்பாடு. இன்று போனில் குண்டு போட்டான். ஐரோலி ஆபீஸ் அவனைச் சென்னைக்கு மாற்றிவிட்டது. மாசக் கடைசியில் கிளம்புகிறான்.

"அப்புவ நான் அழைச்சுண்டு போறேன், சுதா. அதுக்கு என்கிட்டதான் ஒட்டுதல்."

"அத நீ சொன்னா ஆச்சா?"

"சரி, அதுவே சொல்லட்டும்."

18-ம் தேதி நாய்ப் பயிற்சி மைதானத்தில் அப்புவை நடுவில் நிறுத்தி, ஆளுக்கு ஒரே தரம் கூப்பிடுவது. யாரிடம் வருகிறதோ அவருக்கு. மறுபேச்சில்லை. அதுவரை வீடு பார்க்கச் சென்னையில் இருப்பான், நாய் என்னிடம்.

தோற்பேன். நன்றாகத் தெரியும். அவன் செருப்புச் சத்தத்துக்கே அப்பு வாசலுக்கு ஓடும்.

ஜன. 4, ஞாயிறு

செம்பூர் மைதானம். பயிற்சி கொடுப்பது இசக்கி. தாராவியில் தோல் பட்டறை, கழுத்துப்பட்டை தைக்கிறவர். ஞாயிறு மட்டும் நாய்கள்.

முதலில் உட்கார், படு, அசையாதே. அப்பு தரையில் உட்கார மாட்டேன் என்கிறது. எலும்பு உறுத்துமாம். பாய் கொண்டுபோக வேண்டும், ராணியம்மாவுக்கு. பிறகு ஓட்டம். வெள்ளை பிளாஸ்டிக் பையைக் கயிற்றில் கட்டி மோட்டார் இழுக்கும், நாய் துரத்தும். பிளாஸ்டிக் பைக்குத் தடை உள்ள ஊரில் அதைத் துரத்தப் பயிற்சி. ஆனால் அது ஓடுவதைப் பார்க்க வேண்டும். நான்கு காலும் தரையில் இல்லாத நொடி ஒன்று வரும். அதை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஒரு லாப்ரடார்க்காரர் தன் நாயைக் கூப்பிட்டு, வந்ததும் தலையில் ஓங்கி ஒன்று வைத்தார். இசக்கி விடவில்லை. "அடிக்காதிய சார். கூப்ட்டு வச்சு அடிச்சா அந்த வார்த்த கெட்டுப்போவும். பொறவு தலகீழா நின்னாலும் வராது பாத்துக்கிடுங்க."

வார்த்தை கெடும். வீடு வரும்வரை ரயிலில் இதே நினைப்பு.

வகுப்பில் எல்லோரும் கூப்பிடுவது ‘ஹியர்’. நானும் அப்படியே. கி. மட்டும் ‘வா’. தாய்மொழி அபிமானம்.

ஜன. 5, திங்கள்

அவன் குரலே என் போனில் இருக்கிறது. போன வருடம் வெளியூரிலிருந்து நாய்க்கென்று வாட்ஸ்அப்பில் அனுப்பியது. "வாடா அப்பு, வா... வா வா வா." எட்டு வினாடி. என்னிடம் ஒரு நாளும் எட்டு வினாடி அப்படிப் பேசியதில்லை.

காலை 6.30. போட்டேன். அப்பு பறந்து வந்தது. போனை முகர்ந்து, பின்பக்கம் எட்டிப் பார்த்து, வாலாட்டி. நேரே பாத்ரூம். பச்சைத் தண்ணீர் இரண்டு வாளி.

மாலையும் அப்படியே. துவட்டிவிடவில்லை.

ஜன. 7, புதன்

காலை: குரல், குளியல்.
மாலை: குரல், நகம் வெட்டல் (கொஞ்சம் ஒட்ட).
இரவு: குரல், காது மருந்து.
‘ஹியர்’ என்றால் மட்டும் கோழி ஈரல்.

எங்கள் அடுக்ககம் சுத்த சைவ சொசைட்டி. ஈரலை மூன்று கவர் போட்டுச் சுற்றி, மேலே கொத்தமல்லிக் கட்டு வைத்து லிஃப்டில் ஏறுகிறேன். வேக வைக்கும்போது ஊதுபத்தி. எதிர்வீட்டு மாமி: "சுதா, தினம் பூஜையா?" ஆமாம் மாமி, விசேஷ பூஜை.

ஜன. 10, சனி

குரல் போட்டால் இப்போது வருவதில்லை. ஹால் நடுவில் நிற்கிறது. ஒரு முன்காலைத் தூக்கிக்கொண்டு, என்னையும் போனையும் மாறி மாறிப் பார்க்கிறது. தூக்கிப் போய்க் குளிப்பாட்டினேன்.

மனசு கேட்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. கேட்டது.

எனக்கு நாய் வேண்டும் என்பதுகூட இரண்டாம் பட்சம். அவனுக்குக் கிடைக்கக் கூடாது. வீட்டை விட்டுப் போகும்போது அவன் திரும்பிப் பார்த்தது என்னை இல்லை, அதை.

பால், துணி சோப்பு, கரண்ட் பில்.

ஜன. 13, செவ்வாய்

முதல் ‘வா’வுக்கே கட்டிலடியில். வால் வயிற்றில் ஒட்டியிருக்கிறது. நானே வாயால் சொல்லிப் பார்த்தேன், அதற்கும் அப்படியே. பாஸ்.

ஜன. 15, பொங்கல்

குக்கர் பொங்கல், முந்திரி கருகல். எதிர்வீட்டு மாமி டப்பாவோடு வந்தாள். "வாங்கோ மாமி, வாங்கோ வாங்கோ" என்றேன், எல்லோரிடமும் சொல்கிற மாதிரி. அப்பு சோபாவுக்குப் பின்னால் ஓடி மூத்திரம் போய்விட்டது.

"நான் என்னடி பண்ணேன் இதை?" என்றாள் மாமி.

தரை துடைத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை ‘வா’ சொல்கிறோம் என்று இதுவரை எண்ணியதில்லை. இனி வருகிறவர்களுக்குத் தலையாட்டல்தான்.

ஜன. 18, ஞாயிறு

ஜெயித்தேன்.

மைதானத்தின் நடுவில் இசக்கி அப்புவைப் பிடித்துக்கொண்டார். ஒரு பக்கம் கி., ஒரு பக்கம் நான். முதலில் அவன். முழங்காலிட்டு, இரண்டு கையையும் விரித்து, "வாடா அப்பு, வா... வா வா வா." அச்சு அசல் அதே எட்டு வினாடி. அப்பு தரையோடு படுத்தது. பிறகு இசக்கியின் காலுக்கு நடுவில் தலையைச் செருகிக்கொண்டது.

நான் ‘ஹியர்’ என்றேன், ஒரே தரம். வந்தது.

கி. எழுந்திருக்கவில்லை. "ரெண்டு வாரத்துல என்னாச்சு இதுக்கு? உடம்பு கிடம்பு சரியில்லயா?"

"நாய்தானே. மறந்துடுத்து."

பையிலிருந்து ஒரு கம்பளிக் கோட்டை எடுத்தான். நீலம். சென்னையில் அளவு சொல்லித் தைத்ததாம். "விடியக்காலம் நடுங்கும். போட்டு விடு." வாங்கிக்கொண்டேன்.

அவன் போன பிறகு இசக்கி என்னைப் பார்க்காமல் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "மறந்த நாய் சும்மா நிக்கும் மேடம். இது பயப்படுதுல்லா. சோறு கெட்டா கொட்டிரலாம். வார்த்த கெட்டா என்னத்த செய்ய?"

வழியில் மசாலா தோசை. நன்றாகவே இறங்கியது.

ஜன. 21, புதன்

ஈரல் போட்டு ‘வா’ சொல்லிப் பார்த்தேன். ஈரலைத் தொடவில்லை. ‘வா’ இல்லாமல் வைத்தேன், தின்றது. சரி, அவன்தான் போகப் போகிறானே, அந்த வார்த்தை எதற்கு?

ராத்திரி என் கால்மாட்டில் படுத்தது. குளிர்ந்த மூக்கு. போர்வையை அதற்கும் சேர்த்து இழுத்துவிட்டேன். நடுக்கம் நின்றது. எனக்கு அழுகை வந்தது, காரணம் எழுதத் தெரியவில்லை.

ஜன. 25, ஞாயிறு

செம்பூர். ஓட்டப் பயிற்சி. கோட்டைக் கழற்றி என் பையில் வைத்தேன். இரண்டு ஓட்டம் பிரமாதம். மூன்றாவதில் வளைவில் கயிறு அறுந்து பிளாஸ்டிக் பை காற்றில் எழும்பியது. பயிற்சிப் பாய்களை ஏற்றிவந்த டெம்போவுக்காக கேட் திறந்திருந்தது. பை வெளியே, அப்பு பின்னால்.

நான் கேட்டில். அது நடு ரோட்டில், எனக்குப் பத்தடி தூரம். பை போன பக்கம் தெரியாமல் நின்றது. நின்றுதான் இருந்தது. ‘ஹியர்’ என்றிருந்தால் வந்திருக்கும். ஒரு தரம்கூடத் தப்பியதில்லை.

டேங்கர் வருகிறது. பதறின வாயில் எந்த இங்கிலீஷ் வரும்? பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிற வாய்.

"அப்பு, வா! வா!"

என்னைப் பார்த்தது. வாலை வயிற்றில் ஒட்டிக்கொண்டு, என்னிடமிருந்து ஓடியது, அந்தப் பக்கம்.

தண்ணீர் டேங்கர். இசக்கிதான் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். அவிழ்த்துப் பார்க்க என்னை விடவில்லை.

ஜன. 27, செவ்வாய்

இசக்கி போன் பண்ணிச் சொல்லிவிட்டிருக்கிறார். காலையில் கி. வந்தான். வாசலில் நின்றான். வா என்று நான் சொல்லவில்லை. அவனாகவே உள்ளே வந்தான்.

நாற்காலியில் கிடந்த நீலக் கோட்டை எடுத்து மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"கேட்டுல நீதானே நின்னே? கூப்பிடலயா?"

"கூப்பிட்டேன்."

"ஹியர்னா வந்திருக்குமே. நான்தான் அன்னிக்குப் பார்த்தேனே." கோட்டை மடியில் வைத்துக்கொண்டான். "என்னன்னு கூப்பிட்டே, சுதா?"